கூடையைப் பார்த்து மதத்தைக் கணிக்கிறார்கள்: தனிநபர் தரவு பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூசைப் பொருள் விற்கும் கடைக்காரன் எழுதுகிறேன். கற்பூரம், விபூதி, சாம்பிராணி, திரி, பித்தளை விளக்கு, தைப்பூசம் நெருங்கினால் பால்குடமும் வேலும். வியாபாரத்தில் பாதி கடை வாசலில் நடக்கிறது, மீதி இணையச் சந்தையில். எந்தச் சந்தை என்று எழுதப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். நான் சொல்ல வந்தது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இணையச் சந்தையின் பரிந்துரை இயந்திரத்தோடு எனக்குப் பகை கிடையாது. அது எனக்குச் சோறு போடுகிறது. சிரம்பானில் ஒருவர் பஞ்சுத்திரி வாங்கினால், மறுநாள் அவர் திரையில் என் காமாட்சி விளக்கு போய் நிற்கிறது. நான் சிரம்பானுக்குப் போய்க் கடை விரித்தாலும் அந்த ஆளைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆகவே ‘இயந்திரத்தை நிறுத்துங்கள்’ என்று கேட்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்க வேண்டாம். நான் கேட்பது வேறு. ஒருவர் வாங்கும் பொருட்களை வைத்து ஊகித்து எடுக்கப்படும் மதமும் உடல்நிலையும், அவரே படிவத்தில் எழுதிக் கொடுத்த மதத்துக்கும் உடல்நிலைக்கும் சமமானவை என்று தாங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

தங்கள் கையில் இருக்கும் சட்டத்தைத் தங்களுக்கே எடுத்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. அதன் 4-ஆவது பிரிவு சில தகவல்களைத் தனியே பிரித்து, கூடுதல் காவலுக்கு உரியவை என்கிறது: உடல் மன நலம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, குற்றம் செய்தது அல்லது செய்ததாகச் சொல்லப்படுவது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கைரேகை, முகம் போன்ற உயிரியல் அடையாளத் தரவும் அந்த வரிசையில் சேர்ந்தது. இவற்றைக் கையாள வேண்டுமானால், 40-ஆவது பிரிவின்படி, சில விதிவிலக்குகள் தவிர, உரியவரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். பொத்தானை அழுத்தினாலே சம்மதம் என்று பொதுவில் எழுதி வைப்பது இதற்குப் போதாது.

சட்டத்தை எழுதியவர்கள் படிவத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனைப் படிவம், வங்கிப் படிவம், அதில் ‘சமயம்’ என்று ஒரு கட்டம். இணையச் சந்தையில் கணக்குத் தொடங்கும்போது அப்படி ஒரு கட்டம் இல்லை. யாரும் சமயம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

எப்படி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அமேசான் பொறியாளர்கள் மூவர், லிண்டன், ஸ்மித், யார்க், 2003-இல் தங்கள் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வாங்குபவரை வாங்குபவரோடு ஒப்பிடாமல் பொருளைப் பொருளோடு ஒப்பிடும் முறை அது. எந்தெந்தப் பொருட்கள் ஒரே ஆட்களால் வாங்கப்படுகின்றன என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் கணக்கிட்டு வைத்துக்கொள்வார்கள். கற்பூரம் வாங்கியவர் அகல்விளக்கும் வாங்குகிறார் என்றால் இரண்டும் பக்கத்துப் பொருட்கள். அந்த அளவில் நின்றிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். பிறகு வந்த முறைகளில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நீண்ட எண்வரிசை கொடுக்கிறார்கள். வாங்கியது மட்டுமல்ல, எந்தப் படத்தில் விரல் எவ்வளவு நேரம் நின்றது, எதைக் கூடையில் போட்டு எடுத்தோம், எந்த மாதத்தில் எதைத் தேடினோம் எல்லாம் அந்த எண்களுக்குள் கரைந்துவிடும். ஒரே மாதிரி வாங்குபவர்களின் எண்வரிசைகள் அருகருகே போய் விழும். தை மாதத்துக்கு முன் மஞ்சள் வேட்டி, பால்குடம், வேல் வாங்குகிறவர்கள் ஒரு மூலையில் தாமாகவே கூடிவிடுவார்கள். அந்த மூலைக்கு ‘இந்துக்கள்’ என்று எவரும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. மாட்டாமலே வேலை நடக்கிறது.

இதனால் ‘நாங்கள் மதத் தகவல் எதுவும் சேகரிப்பதில்லை’ என்று நிறுவனம் சொன்னால் அது பொய்யில்லை. 30-ஆவது பிரிவின்படி என் தரவைக் காட்டு என்று ஒருவர் கேட்டால், பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கிய பட்டியல் வரும். எண்வரிசை வராது, வந்தாலும் அதில் படிக்க ஒன்றுமில்லை. தவறு இருந்தால் திருத்தலாம் என்கிறது 34-ஆவது பிரிவு. எதைத் திருத்துவது? பெயரில்லாத கட்டத்தில் எழுதப்படாத சொல்லையா?

பினாங்கில் இந்தத் திருத்தும் உரிமை வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. என்னிடம் சாம்பிராணி வாங்குகிறவர்களில் இந்துக்கள் உண்டு, தமிழ் முஸ்லிம்கள் உண்டு, மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களும் உண்டு. தைப்பூச இரதத்துக்கு முன் மலைமலையாகத் தேங்காய் உடைக்கும் சீனர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேல் ஏந்தி, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை ஏறுகிறவர்களிலும் சீனர்கள் இருக்கிறார்கள். இங்கே கூடையைப் பார்த்து மதத்தைச் சொல்ல முயன்றால் ஒரு தெருவில் சரியாக இருக்கும், அடுத்த தெருவில் தப்பாக இருக்கும். சரியாக இருந்தால் கேட்காமல் எடுத்த தகவல், தப்பாக இருந்தால் திருத்த வழியில்லாத தகவல்.

இன்னொன்றையும் நானே கண்ணால் பார்க்கிறேன். விற்பனையாளர்கள் விளம்பரம் போடுவதற்கென்று ஒரு பக்கம் உண்டு. யாருக்குக் காட்ட வேண்டும் என்று அதில் தெரிவு செய்யலாம். ‘வழிபாட்டுப் பொருள் ஆர்வலர்’ என்று ஒரு பிரிவு, ‘தீபாவளி வாங்குபவர்’ என்று ஒரு பிரிவு, கூடுதல் காசுக்கு. மதம் தெரியாது என்கிறவர்கள், மதத்தின் பக்கத்து வீட்டு முகவரியை எனக்கு விற்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், பலன் இருந்தது. பலன் இருந்ததுதான் ஊகம் சரியாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

‘இதனால் யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்கு வழக்கமாக வரும் தங்கை ஒருவர் இருக்கிறார். கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தம் தாயாரின் நேர்த்திக்கடனுக்காக என் இணையக் கடையில் சிறிய பால்குடமும் வேலும் வாங்கினார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு, மாமனார் கையில் இருக்கும் டேப்லெட்டில். பொருள் தாயார் வீட்டு முகவரிக்குத்தான் போனது. கட்டணமும் அவருடைய சொந்தப் பணம். ஆனால் மாமனார் சமையல் எண்ணெய் வாங்கத் திறந்தபோது முகப்பு முழுக்க முருகன் படம், காவடிச் சட்டம், விபூதித் தட்டு. கல்யாணத்தின்போது கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பேச்சு வளர்ந்து, வாரக்கணக்கில் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். “இனிமேல் இணையத்தில் வாங்க மாட்டேன் அண்ணே, நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன்” என்றார். எனக்கு ஒரு வாடிக்கையாளர் இழப்பு இல்லை. அவருக்கு என்ன இழப்பு என்பதை நான் அளக்க முடியாது.

இந்த நாட்டில் மதம் திருமணத்தோடும் மணவிலக்கோடும் பிள்ளை வளர்ப்போடும் சாவுக்குப் பிந்திய சடங்கோடும், எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதோடும் பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் சட்டம் 709 அதற்குத் தனிக் காவல் போட்டது. ஒரு குடும்பத்துக்குள் யார் எந்த வழிபாட்டை எவ்வளவு வெளியே காட்டுகிறார்கள் என்பதை முடிவு செய்யும் உரிமை அந்தக் குடும்பத்தாருக்கு உரியது. எண்ணெய் விளம்பரத்துக்கு நடுவில் அதை அம்பலப்படுத்தும் உரிமையை யாரும் எந்த இயந்திரத்துக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

‘கடைக்காரனும்தான் ஊகிக்கிறான்’ என்பார்கள். உண்மைதான். ஒருவர் வேல் கேட்டால், “தண்ணீர்மலைக்கா, பத்துமலைக்கா?” என்று கேட்கத்தான் செய்வேன். ஆனால் அதை நான் குறித்து வைப்பதில்லை. பக்கத்துக் கடைக்கு விற்பதில்லை. அடுத்த வருடம் அவர் மாமனார் வந்தால் எடுத்து நீட்டுவதும் இல்லை. இன்று பல இணையச் சந்தைகளின் குழுமத்துக்குள்ளேயே மின்பணப்பை, ‘பிறகு செலுத்து’ என்னும் கடன், காப்புறுதி விற்பனை எல்லாம் இருக்கின்றன. சர்க்கரை சோதிக்கும் ஸ்ட்ரிப்பை மாதாமாதம் வாங்குகிறவரின் எண்வரிசை, காப்புறுதி விற்கும் பிரிவுக்குப் போகிறதா இல்லையா என்று யார் பார்த்தது? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அதிகம். நம்மவர்களுக்கு இது தள்ளிவைக்கக்கூடிய கேள்வி அல்ல.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் கதை இருக்கிறது. 2006-இல் அந்த நிறுவனம் தன் பரிந்துரையின் துல்லியத்தை 10 சதவீதம் கூட்டுபவருக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்தது. போட்டிக்காக ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த சுமார் 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டதைப் படியுங்கள்: ஒருவர் மதிப்பெண் போட்ட 8 படங்களும், இரண்டு வாரம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, போட்ட தேதிகளும் தெரிந்தால் போதும், அந்த எட்டில் இரண்டு முற்றிலும் தவறாக இருந்தாலும்கூட 99 சதவீதப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம். இன்னொரு தளத்தில் சொந்தப் பெயரில் எழுதிய படக் கருத்துகளோடு பொருத்தி, சிலருடைய அரசியல் சாய்வு வரை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். 2009-இல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டு வழக்கும் வந்தது. தொடர்ந்து நடத்துவதாக இருந்த இரண்டாவது போட்டியை நிறுவனம் 2010-இல் கைவிட்டது. அது சினிமா. சினிமா ரசனையில் இவ்வளவு கசியுமானால், வருடத்தில் எந்தெந்த நாளில் எந்தெந்தப் பூசைப் பொருள் என்பதில் எவ்வளவு கசியும்?

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய் விடை பெற்றுவிட்டது. ஜெர்மனியில் ஒரு மருந்துக்கடைக்காரர், மருத்துவர் சீட்டு தேவைப்படாத மருந்துகளை அமேசான் வழியாக விற்றார். போட்டிக் கடைக்காரர் வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வாங்குபவரின் பெயர், முகவரி, எந்த மருந்து என்ற விவரம், இவை சேர்ந்தால் அது உடல்நலத் தரவு, சீட்டு தேவையில்லாத மருந்தாக இருந்தாலும் அப்படித்தான். அதைவிட முக்கியமான ஒன்றையும் நீதிபதிகள் சொன்னார்கள். மருந்து வாங்குபவருக்கே உரியது என்பது உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம், வேறொருவருக்காக வாங்கியதாகவும் இருக்கலாம். ஓரளவு வாய்ப்பு இருந்தாலே காவல் பொருந்தும். தாயாருக்காக வேல் வாங்கிய தங்கையின் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு எனக்குக் கிடைக்காது.

அவர்கள் சட்டம் நம்மைக் கட்டாது, தெரியும். நம் சட்டமே வழி விடுகிறது என்பதுதான் என் வாதம். 4-ஆவது பிரிவில் தனிநபர் தரவுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், ஒருவரைப் பற்றி வெளிப்படுத்தப்படும் கருத்தும் அடங்கும். இயந்திரத்தின் கணிப்பு என்பது ஒருவரைப் பற்றிய கருத்து இல்லாமல் வேறென்ன? 43-ஆவது பிரிவு நேரடிச் சந்தைப்படுத்தலை நிறுத்தச் சொல்லும் உரிமையைப் பயனீட்டாளருக்குத் தருகிறது. குறிப்பிட்ட ஆளை நோக்கி எந்த வழியில் அனுப்பப்படும் விளம்பரமும் சந்தைப்படுத்தல் செய்தியும் அதில் சேரும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. முகப்பில் எனக்கென்று பொறுக்கி வைத்த பொருட்களின் வரிசை அதில் சேராது என்றால் ஏன் சேராது? குறுஞ்செய்திக்கும் தொலைபேசி அழைப்புக்கும் மட்டுமே அந்தப் பிரிவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டால் போதும். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டிய தேவைகூட இல்லை. தானியங்கி முடிவெடுப்பு பற்றித் தங்கள் துறை 2025-இல் பொதுமக்கள் கருத்தைக் கேட்டதை அறிவேன். அதன் இறுதி வடிவில் ஊகத் தரவு பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும்.

பயனீட்டாளருக்கு ஒரு விசை வேண்டும். அழுத்தினால், என்னைப் பற்றிய கணிப்பு இல்லாமல் கடை அப்படியே தெரிய வேண்டும். இது ஆகாத காரியம் என்று நிறுவனங்கள் சொன்னால் நம்ப வேண்டாம். ஐரோப்பாவின் இலக்கவியல் சேவைச் சட்டத்தில் 38-ஆவது பிரிவு, மாதம் 4 கோடியே 50 லட்சம் பயனர்களுக்கு மேற்பட்ட தளங்கள் அப்படி ஒரு தெரிவைத் தர வேண்டும் என்கிறது. சீனாவில் 2022 மார்ச் 1 முதல், ஆளைக் குறிவைக்காத தெரிவையும் பரிந்துரையை அணைக்கும் வசதியையும் தர வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் செய்து கொடுக்கிறவர்கள் மலேசியாவுக்கு மட்டும் முடியாது என்றால் அதற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை.

விசையை எல்லோரும் அழுத்திவிட்டால் என் விளக்கு விற்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லோரும் அழுத்தப் போவதில்லை. சிரம்பான்காரர் அழுத்த மாட்டார். அவருக்கு விளக்கு பிடித்திருக்கிறது. அழுத்த வேண்டியவர்கள் அழுத்தட்டும். அந்தச் சிலருடைய வியாபாரம் போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்குக் கடை நடக்கிறது. பித்தளை விளக்கைக் கீழே தள்ளிவிட்டு மின்கலத்தில் மினுக்கும் பிளாஸ்டிக் விளக்கை இயந்திரம் மேலே ஏற்றுவது பற்றியும் எனக்குப் புகார் உண்டு. அது உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு எழுத வேண்டிய வேறு கடிதம்.

சின்னதாக ஒன்று. நம் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தனியுரிமை அறிவிப்பைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் தரச் சொல்கிறது. தமிழில் தரக்கூடாது என்று சொல்லவில்லை. என் வாடிக்கையாளர்களில் தமிழ் மட்டும் நன்றாகப் படிக்கத் தெரிந்த அம்மாக்கள் இருக்கிறார்கள். தங்கள் துறையே மாதிரி அறிவிப்பு ஒன்றைத் தமிழில் வெளியிட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்; தமிழில் பயனீட்டாளர் விழிப்புணர்வு வேலை செய்து அவர்களுக்குப் பழக்கம் உண்டு.

கடைசியாகச் சோதனை. தரவுத்தளத்தில் ‘சமயம்’ என்ற கட்டத்தைத் தேடும் அதிகாரிக்கு ஒன்றும் கிடைக்காது. வேறு வழியில் தேட வேண்டும். புதிதாக இரண்டு கணக்குகள் தொடங்கட்டும். ஒன்றில் கற்பூரமும் பால்குடமும், மற்றொன்றில் வாளியும் துடைப்பமும் வாங்கட்டும். அடுத்து வரும் வாரங்களில் முகப்பில், விளம்பரத்தில், கடன் சலுகையில், காப்புறுதி அழைப்பில் என்னென்ன வித்தியாசம் தெரிகிறது என்று குறிக்கட்டும். எண்வரிசைக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாவிட்டாலும், அது என்ன செய்கிறது என்பது அப்போது வெளியே வந்துவிடும். 101-ஆவது பிரிவின்படி தரவு முறைமைகளை ஆய்வு செய்யும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது. 2025 ஜூன் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் தரவைக் கையாளும் நிறுவனங்கள் தரவு பாதுகாப்பு அலுவலரை நியமித்தாக வேண்டும். சோதனை முடிவை அவர் மேசையில் வைத்து விளக்கம் கேட்கலாம்.

சோதனைக்கு என் கடையிலிருந்தே தொடங்கலாம். நான் மேலே சொன்ன விளம்பரப் பக்கத்தை, ‘வழிபாட்டுப் பொருள் ஆர்வலர்’ பிரிவையும் அதற்கு நான் கட்டிய ரசீதுகளையும் சேர்த்து, தங்கள் அதிகாரிகளுக்குத் திறந்து காட்டத் தயார். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கடையில் நிற்க இடமிருக்காது.

இப்படிக்கு,
பூசைப் பொருள் வணிகன்,
லிட்டில் இந்தியா, ஜார்ஜ்டவுன், பினாங்கு